எடைமேடைக் கடிகாரம்

என் கைக்கு இது பெரிசு, தெரியும்.
ஆம்பிளைக் கடிகாரம். ரப்பர் வார்.
திருகினால் நறநறவென்று நகரும் வளையம்.
இருநூறு மீட்டர் ஆழம் தாங்குமென்று
முதுகில் பொறித்திருக்கிறது.
சிலிம் ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தாலே
பள்ளிக்கூடத்துக்கு லீவு.
மிச்ச ஆழத்தை நான் எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்க?

ஆனால் செம்பனை ஆலை எடைமேடையில்
லோரி ஏறும்போது சன்னல் அதிரும், மேசை அதிரும்,
ரசீதுக்கட்டு தானே நடந்து ஓரத்துக்குப் போகும்.
இது மட்டும் அசையாது.
இதை நாலு நிமிடம் முன்னால் வைத்திருக்கிறேன்.
ஆறு மணிக்கு கேட் மூடுவேன் என்று கத்துவேன்.
என் ஆறு நாலுக்கு வந்து நிற்பார்கள்.
ஊர் மணி அப்போதுதான் ஆறு.
இப்படி எல்லோருமாகச் சேர்ந்து
நேரத்தைக் காப்பாற்றி வருகிறோம்.

தங்கச்சி ஹேமலோசனி சொல்லிவிட்டாள்:
"அந்தச் சட்டிய கட்டிக்கிட்டு
மணவறைப் பக்கம் வந்துடாதே."

ரயில் நிலையத்துக்கு எதிரே ஊய் கடை.
வெல்வெட் துணியில் ஒன்றை எடுத்து வைத்தார்,
ஒரு வெள்ளிக் காசைவிடக் கொஞ்சம் தடிப்பம்.
விநாடி முள் இல்லையே என்றேன்.
விருந்துக்குப் போகிறவளுக்கு விநாடி எதற்கு என்றார்.
இருட்டில் தெரியுமா?
இருட்டில் யார் விருந்து வைக்கிறார்கள்?
தண்ணீர் பட்டால்?
கை கழுவும்போது கழற்றிவிடு.
கேட்கக் கேட்க அதனிடம் ஒவ்வொன்றாக இல்லாமல் போனது.
இல்லாமல் போகப் போக விலை ஏறியது.
முந்நூற்று இருபது வெள்ளி.

கட்டிப் பார்த்தேன்.
பதினோரு வருடம் வெயில் படாத தோல்
அகலமாய் வெளுத்துக் கிடந்தது மணிக்கட்டில்.
அதன் நடுவே தங்கக் கோடாய் இந்தப் புது ஆள்,
காலி வீட்டின் கூடத்தில்
ஒற்றை நாற்காலி போல.

முகூர்த்தம் காலை ஆறு பதினாறு.
நம் ஊரில் அது இன்னும் இரவுதான்.
மண்டபத்தில் ஐயர் நெய் வார்த்துக்கொண்டிருக்க
இடி ஒன்று எங்கோ தோட்டத்துப் பக்கம் இறங்கியது.
கரண்ட் போய்விட்டது.
ஓமத்தையும் புகை மூடிக்கொண்டது.
"மணி என்ன? மணி பாருங்கம்மா!"
என் புதுக் கடிகாரத்தை மூக்கருகே கொண்டுபோனேன்.
சொல்லாமல் கமுக்கமாக இருந்தது,
நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி.
எல்லோரும் கைப்பேசியைத் துழாவும் சத்தம்.
கைப்பைக்குள் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது
என் சட்டி.

பழக்கம்.
லோரி எஞ்சினை மீறிக் கத்துகிற தொண்டை.
"ஆறு பதினாறு!"
கெட்டிமேளம் என்றார் ஐயர்.
மூன்றாம் முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா
தடவித் தடவிப் போட்டாள்.
அட்சதை என் காதுக்குள் விழுந்தபோதுதான்
எனக்கு நினைவு வந்தது.

கரண்ட் திரும்பியபோது
மெல்லிய முள்கள் இரண்டும்
ஆறு பதினாலில் ஒட்டி நின்றன.
சரியான நேரம் அதனிடம்தான் இருந்திருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.
போன மாதம் ஹேமா பெட்டியோடு வந்து
இரண்டு நாள் இருந்தாள்.
மூன்றாம் நாள் அவர் வந்து
வாசலில் மோட்டாரை அணைக்காமலே நின்றார்,
இவளும் போய் ஏறிக்கொண்டாள்.
அந்த இரண்டு நாளும் நான் சோறு இறங்காமல்
நாலு நிமிடத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தங்கக் கோடு அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது,
சரியாக, யாருக்குமில்லாமல்.
அடுத்த கல்யாணத்துக்குப் பார்க்கலாம்.
வெளியே ஏழு லோரி நிற்கிறது.
முதல் ஓட்டுநர் சன்னலைத் தட்டுகிறான்:
"அக்கா, உங்க மணியா, ஊர் மணியா?"