கீழ்க்கணக்கு

எங்கள் பாடசாலை கீழ்க்கணக்கில் இருக்கிறது.
தோட்டத்துப் பிரிவுக்கு இங்கே கணக்கென்றுதான் பெயர்:
மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு.
கணக்குக்குப் பயந்து ஓடுகிற பிள்ளை
எந்தப் பக்கம் ஓடினாலும்
ஒரு கணக்கில்தான் போய் நிற்கும்.

புரட்டாதி. ஜன்னல் வழியே வந்த பனி
கடைசி வாங்கில் இடம்பிடித்திருந்தது.
தரம் நான்கு, பதினேழு பேர்.
பாடநூலில் இதற்குத் திணிவு என்று பெயர்.

"பதினெட்டு கிலோ கொழுந்தைத் தராசில் வைத்தால்
எத்தனை கிலோ?"
கேட்டது நான்.
வாயிலேயே விடை இருக்கிற சின்னக் கேள்வி,
திணிவுக்குள் நுழைய ஒரு வாசற்படி, அவ்வளவுதான்.

"பதினைஞ்சு டீச்சர்"
என்றாள் தனுஷிகா.

யாரும் சிரிக்கவில்லை.
மற்றப் பதினாறு தலைகளும்
சரியென்று ஆடின.

"தண்ணிக்கு ரெண்டு. சாக்குக்கு ஒன்னு."

"வெயில் அடிச்சா?"

"வெயில் அடிச்சாலும் தண்ணிதான் டீச்சர்."

சரி போடுவதா, பிழை போடுவதா?
மூடி திறந்த சிவப்புப் பேனை
மணியடிக்கும் வரை என் கையிலேயே இருந்தது.

*

வாணி விழாவில் ஐந்தாம் நாள் எங்கள் வகுப்புக்கு.
ரிஸ்வான் நானா தன் மரக்கறிக் கடைத் தராசைத் தந்தார்.
"முள்ளு நேர்மையானது, கீழே மட்டும் போட்டுடாதீங்க."
பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கொண்டக்டர் அதற்கும் அரை டிக்கட் கேட்டார்.

கிறேப் கடதாசி. வாழைக்குட்டி இரண்டு.
சரஸ்வதியின் கண்ணாடியில் போன வருடத்து விரிசல்,
வீணைக்கு ஐந்தாவது தந்திபோல.
பகல் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வந்தார்கள்,
இடுப்பில் படங்கு அவிழ்க்காமல்,
விரலில் கறையோடு.
ஸ்டெல்லாவின் அம்மா
கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி
நாலு தேங்காய் இறக்கினாள்.
அரிசி, கடலை, சீனி;
ஒருத்தி வெறும் ஏலக்காய் ஆறு,
கடதாசியில் மடித்து.

தராசில் தனுஷிகா.
கொப்பியில் நிலுக்ஷன்.

ராசமணியின் பை ஏறியது. அவள் அம்மாதான்.
"ஒன்னரை" என்றாள் தனுஷிகா,
வேறு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்து.
எழுதப் போன நிலுக்ஷன் நிமிர்ந்தான்:

"பைக்கு எவ்வளவு வெட்டுறது?"

வரிசை நின்றது.
தனுஷிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
என் கையில் கத்தரிக்கோலும் பாதி வெட்டிய தாமரையும்.
டீச்சருக்கு விடை தெரியும் என்று
எப்படித்தான் நம்புகிறார்களோ.

அவள் காத்திருக்கவில்லை.
அரிசியைக் கிடாரத்தில் கொட்டினாள்.
வெறும் பையை மட்டும்
தட்டில் வைத்தாள்.
குனிந்து, ஒரு கண்ணை மூடி,
முள்ளுக்கு நேரே மூக்கை வைத்துப் பார்த்தாள்.
முள் அசையவில்லை.

"பைக்கு ஒன்னுமில்ல. ஒன்னரையே எழுது."

கொஞ்ச நேரம் ஊதுபத்தி மட்டும் நகர்ந்தது.
பிறகு பின்வரிசையில் ஒரு குரல்:
"ஏ புள்ள, நாளைக்கு மலைக்கு வந்துரு, நிறுக்க!"
சிரிப்பு முன்னுக்கு வந்தது, ஒவ்வொரு படங்காய்க் குலுக்கி.
ராசமணி மட்டும்
வெறும் பையை நாலாய் மடித்துக்கொண்டிருந்தாள்,
ரொம்ப நேரமாய்.

வரிசையில் கணக்கப்பிள்ளையும் நின்றார்.
அவர் மகனும் தரம் நான்குதான்.
சீனி கொண்டுவந்திருந்தார்.
"ரெண்டு கிலோ முந்நூறு"
என்றாள், ஒரு கிராம் கூட்டாமல், குறைக்காமல்.
அவர் முள்ளைப் பார்த்தார்.
அவளைப் பார்க்கவில்லை.

பிறகு பூசை.
பிறகு அதிபரின் பேச்சு, எப்போதும்போல நீளம்.
நடனத்தில் மூன்று மயில்கள் இடப்பக்கம் திரும்ப
ஒரு மயில் வலப்பக்கம் போய் அழுதது.
சுண்டல் எல்லோருக்கும் வந்தது.
பாதையில் போன சிங்களத் தபால்காரருக்கும்
ஒரு கை.

*

திரும்பும் பஸ்ஸில் மடியில் தராசு.
பையில் பதினேழு கொப்பிகள்.
அவளுடையதைத் திறந்தேன்.
பதினைந்து, கீழே இரட்டைக் கோடு.
பக்கத்தில் இன்னும் நான் ஒன்றும் போடவில்லை.

தட்டில் மிஞ்சிய ஒற்றைக் கடலை
வளைவுக்கு வளைவு உருண்டது.
ஒவ்வொரு முறையும்
முள் கொஞ்சம் துடித்தது.