மூன்றில் ஒரு பங்கில் ஒரு கோடு

ரூவியில், பணமாற்றுக் கடைக்கு மேலே ஐந்தாம் மாடியில்
ஒரு கம்பெனியின் பணியாளர் கையேட்டை
ஒரே நீளப் பக்கமாக, நான்கு மொழிகளில்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஓரத்தில் ஆறு தலைப்புகள்:
ஒப்பந்தம், சம்பளம், தங்குமிடம்,
பிடித்தம், விடுப்பு, நாடு திரும்புதல்.
படிப்பவர் எங்கே இருக்கிறாரோ
அந்தத் தலைப்பு மட்டும் மஞ்சளாக வேண்டும்.
இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருந்தேன்.

இன்று ஒன்பதாவது நாள்.

எங்கே இருக்கிறார் என்பதை யார் முடிவு செய்வது?
திரையில் பாதி சம்பளம், பாதி தங்குமிடம்.
கண் எதன்மேல் என்று எனக்குத் தெரியாது.
தெரிந்ததாகப் பாவனை செய்ய ஒரு கோடு போட்டேன்,
மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில்,
யார் கண்ணிலும் படாத கோடு.
தலைப்பு அதைத் தாண்டினால் ஆள் இங்கே,
தாண்டாதவரை அங்கே.

போன வருடம் ஹத்தா வழியாகப் போனேன்.
ஒரு சாவடியில் வெளியே என்று முத்திரை.
அடுத்த சாவடி வரும்வரை கொஞ்ச தூரம்
நான் எந்த நாட்டிலும் இல்லை.
காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அரபிப் பதிப்பில் பட்டியல் வலப்பக்கம் குடியேறியது.
அம்புக்குறிகள் முகம் திருப்பிக்கொண்டன.
உருட்டுவது மட்டும் எந்த மொழியிலும் கீழ்நோக்கித்தான்.
பத்ர் எட்டிப் பார்த்துவிட்டு
மஞ்சள் எச்சரிக்கை நிறம், வேண்டாம் என்றார்.
பச்சை வைத்தேன்.

தமிழைச் சோதிக்க சோஹாரிலிருந்து ஒருவரைத் தந்தார்கள்.
ஜெபஸ்தியான், ஜேசிபி ஓட்டுபவர்,
குறுக்கே விரிசல் ஓடிய கைபேசி.
எழுதமாட்டார், குரல்தான் அனுப்புவார்.
பின்னால் எப்போதும் எஞ்சின்.

“மேடம், உங்க பச்சை வெயில்ல செத்துப்போவுது.”

“மேடம், வேகமா இழுத்தா சீரியல் பல்பு மாதிரி
வரிசையா ஓடுது. சப்பரம் வருதுன்னு நெனச்சேன்.”

வியாழன் இரவு, எஞ்சின் இல்லாமல்:
“மேடம், கடைசி மட்டும் எரியல.
அடி வரைக்கும் வந்துட்டேன்,
இதுக்குமேல வெரலுக்குப் போக எடமில்ல.
இன்னும் விடுப்புலயே நிக்குது.”

சரியாகத்தான் சொன்னார்.
நாடு திரும்புதலில் மூன்றே வரி.
கணக்கு முடிக்கப்படும்.
பயணச்சீட்டு ஒருவழி.
அடையாள அட்டையை ஒப்படைக்கவும்.
மூன்று வரியும் திரையின் அடியிலேயே நின்றுவிடுகின்றன.
என் கோடுவரை அவற்றை ஏற்றிவிட
கீழே பக்கம் மிச்சமில்லை.

எல்லோரும் செய்வதுபோல் அடியில் வெற்றிடம் சேர்த்தேன்,
ஒரு முழுத் திரை வெள்ளை.
எரிந்தது. அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் பதில் இல்லை.

“இதுக்குக் கீழ ஏதோ வரணும்ல மேடம்?
நெட்டு ஸ்லோன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

வெள்ளையை அழித்தேன்.
ஒற்றை நிபந்தனை எழுதினேன்:
அடியைத் தொட்டவரிடம் கோட்டைப் பற்றிக் கேட்காதே,
கடைசி விளக்கை ஏற்று.
நிறத்தையும் மஞ்சளுக்கே மாற்றினேன்,
பத்ரை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கீழே பணமாற்றுக் கடையின் ஷட்டர் இறங்கியது.
ஜெபஸ்தியானிடமிருந்து ஒரு படம்,
வேறொருவர் கைபேசியில் எடுத்தது.
நாடு திரும்புதல் என்ற மஞ்சளை
விரிசல் இரண்டாகக் கிழித்திருந்தது,
இரண்டு துண்டும் எரிந்தன.

“எரியுது மேடம். மேல போனா அணையுது,
வந்தா எரியுது. நாலு தடவ பாத்துட்டேன்.
ரூம்ல எல்லாரும் பாத்தாச்சு.
அப்புறம், மொதப் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு.
ஒப்பந்தம் ரெண்டு வருசம்னு போட்டிருக்கீங்க.
எனக்குப் பதினொண்ணு நடக்குது.”

பத்ரிடம் கேட்கிறேன் என்று எழுதினேன்.