மூன்றாவது கியர்

மூன்றாவது கியர் நிற்காது.
பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்,
விட்டால் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும்.
பதினோரு வருடம் பிடித்தவள் ஜிபர்கூல்,
நாரின் ஏற்றம் முழுக்க,
மறுகையில் சூரியகாந்தி விதை கொறித்தபடி,
என்னோடு பேசாத நாட்களிலும்.

இந்த நிவாவுக்கு என்னைவிட நான்கு வயது குறைவு.
ஹீட்டருக்கு ஆகஸ்டில் மட்டும் உயிர் வரும்.
வைப்பர், திட்டினால் ஓடும்.
நாலு சக்கரமும் இழுக்கும் என்று பெயர்;
எந்த இரண்டு என்பது அன்றன்றைக்கு.

தாலாய்பெக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.
"பெட்டியைப் பிரித்தால் திரும்பச் சேராது."
பிரிக்கவில்லை.

அவள் பிஷ்கெக் போன மார்ச்சில்
சைக்கிள் டியூபை வெட்டி
லீவரைப் பக்கத்து சீட்டோடு கட்டினேன்.
நன்றாகவே பிடிக்கிறது.

இன்று கணவாய்க்குக் கீழே, பனிச்சேற்றில்,
ஆட்டுத் தடுப்பூசிப் பெட்டி பின்னால் குலுங்க,
இரண்டாவதுக்கு இறக்கவேண்டி வந்தது.
கட்டை அவிழ்க்க மூன்று நொடி.
அவளுக்கு என் தோள் அசைந்தாலே போதும்.

எஞ்சின் அணைந்துவிட்டது.
ஹாண்ட்பிரேக் செத்து வெகுநாள்.
கியரை நம்பி இறங்க முடியாது.
சக்கரத்துக்குக் கல் வைப்பதும்
அவள் வேலைதான்.

பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
கால் மரத்துப்போகிறது.
மேலே ஒரு குதிரைக்காரன் தெரிகிறான்,
இந்தப் பக்கம் வருகிறானா
தெரியவில்லை.