டிரெய்லர்

எண்ணூர் விரைவுச் சாலையில்
விரைவு கிடையாது.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு டிரெய்லர்,
பின்னால் எத்தனையென்று கண்ணாடிக்குத்தான் தெரியும்.
ஜீரோ கேட் திறக்க இன்னும் நேரமிருக்கிறது.
எஞ்சினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கில் செல்போனைச் சாய்த்து
நானும் ஒரு டிரெய்லர் போடுகிறேன்.

கறுப்பு வெள்ளை.
நான் பிறப்பதற்கு இருபத்தாறு வருஷம் முன்னால்
வெட்டி ஒட்டிய மூன்றே முக்கால் நிமிஷம்.
எடுத்ததும் இடி.
இடி முடிவதற்குள் எழுத்துகள்
சுழன்றபடி வந்து நெற்றியில் மோதும்:
காதல்! கடமை! கண்ணீர்!
பிறகு, சோடா குடித்துவிட்டு வந்தது போல் ஒரு குரல்
"கலையுலகம் இதுவரை காணாத" என்று ஏறி,
மூச்சு விடாமல்
"உங்கள் அபிமானத் திரையரங்கில்
விரைவில்" என்று இறங்கும்.

எழுபது வருஷமாக விரைவில்.
எங்கள் க்யூவுக்கு ஏற்ற ஆள்.

இதில் யாரும் சாவதில்லை,
கத்தி ஓங்கியதோடு சரி.
அப்பா யாரென்று தெரியாத பிள்ளை
அப்பாவின் காரையே துடைக்கிறான்.
தெரிய வருவதற்குள் வில்லன் சிரித்துவிடுகிறான்.
வக்கீல் விரலை நீட்டி, "அந்தக் கொலைகாரன்..." என்கிறார்,
உடனே ஒரு நடனம்.
எனக்கு ரொம்பப் பிடித்தது
மாடிப்படியில் அலறியபடி ஓடிவரும் பெண்.
பதினோரு படி வருவாள், எண்ணியிருக்கிறேன்.
பன்னிரண்டாவதில் குதிரைகள் வந்துவிடும்.

காசிமேட்டுக் காற்று கேபினுக்குள்
மீனையும் டீசலையும் சரிபாதி கொண்டுவந்து போடும்.
சைக்கிளில் டீ விற்கும் நாகூரான்
ஜன்னலில் தலையை நுழைப்பான்:
"அந்தப் பொண்ணு கீழ வந்துச்சாண்ணே?"
"இன்னும் இல்லடா."
"என்னாத்துக்கு ஓடுதாம்?"
தெரிந்தால் நான் ஏன் தினமும் பார்க்கிறேன்.

பின்வண்டி சூசை மரியான் சொல்வது, கொலை.
மேல்மாடியில் பிணம் கிடக்கிறது, சத்தியம் பண்ணுகிறான்.
எடைமேடையில் ரசீது கிழிக்கும் கோட்டீஸ்வரி
"வூட்டுக்காரன் வந்திருப்பான்" என்றாள்.
அது பயமா சந்தோஷமா என்று சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டையில் நாங்கள் சரக்கு இறக்கும் குடோன்
ஒருகாலத்தில் கொட்டகையாம்.
தரை இன்னும் திரைப்பக்கம் சரிகிறது.
அடுக்கி வைத்த டைல்ஸ் பெட்டிகள்
கண்ணசந்தால் முன்வரிசைக்கு நகரப் பார்க்கும்.

போன வாரம், மழைக்கு கேட் மூடிய இரவில்
முழுப்படமும் கிடைத்தது.
இரண்டே முக்கால் மணிநேரம்.
பதினாலு பாட்டு, ஆறில் தூங்கிப்போனேன்.
வந்தாள். படியின் உச்சி. அலறல்.
பதினொன்று, பன்னிரண்டு,
பதினேழில் தரை.
நேராக அடுப்படி.
பால் பொங்குகிறது.

அலறியதுகூட "பால்! பால்!" என்றுதான்.
டிரெய்லரில் அதன்மேல் இடியை ஏற்றியிருக்கிறார்கள்.

தனியாகச் சிரித்ததில் கை ஹாரனில் பட்டு,
கேட் திறந்துவிட்டதென்று
வரிசை மொத்தமும் விழித்து ஹாரன் அடித்தது.
லுங்கியை மடித்துக்கொண்டு ஓடி வந்தான் சூசை.
"இன்னாச்சு?"
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் கண்ணில் அந்தப் பிணம்
அப்படியே கிடந்தது.
"ஒண்ணுமில்ல, நெட் போயிடுச்சு" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் நாற்பது அடி இரும்புப் பெட்டி.
பூட்டில் சீல், சீலில் ஏழு எண்.
காகிதத்தில் "பொதுச் சரக்கு" என்று போட்டிருக்கிறது.
உள்ளே என்னவென்று கேட்டால் சூசை தொண்டையைச் செருமி
"கப்பலுலகம் இதுவரை காணாத!" என்பான்.
போன மாசம் தாள முடியாமல் காகிதங்களைப் புரட்டினேன்:
குளியலறைக் குழாய்.

முன்வண்டியின் சிவப்பு அணைகிறது.
ஒரு வண்டி நீளம் நகர்கிறோம், மறுபடி சிவப்பு.
டீயை நீட்டியபடி நாகூரான்,
"வந்துச்சாண்ணே?"

"பதினொன்னு வரைக்கும் வந்துட்டாடா."