கணக்கில் சேராத இடம்

ஓபேர்வில்லியே. ஆறாம் மாடி. லிஃப்ற் இல்லை.
புது மெட்ரோ வரப்போகுதென்ற கதையிலேயே
கீழே இருந்த கோழிக்கடை
கோப்பிக்கடை ஆகிவிட்டது.
ஒரு கோப்பி நாலு யூரோ எண்பது.
"ஏரியா ஏறுது" என்றான் முகவர்ப் பெடியன்,
எங்களுக்கு முன்னால் படியேறிக்கொண்டு,
மூச்சு வாங்க.

முப்பத்தொன்று புள்ளி நாலு சதுர மீற்றர்.
லேசர் சுவரில் சிவப்புப் பொட்டு வைத்து
அளந்து சொன்னது.
கூரை சரிகிற பக்கம் மட்டும் சேர்த்தி இல்லை:
உயரம் ஒரு மீற்றர் எண்பதுக்குக் குறைந்தால்
சட்டப்படி அது இடமே இல்லையாம்.

சாருமதி அங்கே போய் நின்றாள்.
நிமிர்ந்துதான் நின்றாள்.
உச்சிக்கும் கூரைக்கும் நடுவே
இன்னும் நாலு விரல் மிச்சம்.
"அப்ப நான் இப்ப எங்க நிக்கிறன்?"

விற்கிற தெஷெய்ரா உயரமான மனுசன்.
குறுக்கு உத்திரத்தில்
பழைய சைக்கிள் ரியூப் சுற்றி வைத்திருந்தார்.
நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி
"இருபத்தாறு வருஷம்" என்றார்,
ஏதோ பட்டம் வாங்கினவர் போல.

நொத்தேர் பரப்பளவை வாசித்தபோது
மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.
சிரிக்காமல் ஒப்பமிட்டேன்.
கடன் முடியும்போது எனக்கு அறுபத்தெட்டு.

கட்டில் இன்னும் வரவில்லை.
சரிவுக்குக் கீழே பாய் விரித்தோம்.
கோப்பிக்கடைக்காரன் இரும்புக் கதவை இழுத்து மூடுகிறான்.
ஒரு சதமும் கொடுக்காத இடத்தில்
அவள் குறட்டை விடுகிறாள்.

தண்ணி குடிக்க எழும்பினேன்.

நல்ல ரியூப்.