புள்ளி நாலு நாலு

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்
ஸ்டார்ட் பண்ணி வை, போதும்
என்று சொல்லிவிட்டு லே போனான் ஜெயசீலன்.
முதல் ஞாயிறு
முக்கி முனகி எழுந்தது எஸ்டீம்.
அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பினால்
டிக்.
டிக்.
பல்லிகூட இன்னும் கொஞ்சம் உறுதியாய்ச் சொல்லும்.

பால்வண்டி ஏகாம்பரம் கம்பி கொண்டுவந்தார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு,
உறுமியது, உயிர் வந்தது,
வியாழக்கிழமை மறுபடி போனது.
மைதானத்துப் பையன்கள் தள்ளினார்கள் ஒருநாள்,
ஆளுக்கொரு ஐஸ் என்ற ஒப்பந்தத்தில்.
எலுமிச்சம்பழத்தை மாற்றிக் கட்டச் சொன்னாள்
எதிர்வீட்டு குணசுந்தரி.
கட்டினேன். ஏன் பொய் சொல்ல.

போனில் அவன்:
இங்கே ராத்திரி லாரி பேட்டரியைக் கழற்றி
படுக்கிற இடத்துக்குள் எடுத்து வந்துவிடுவோம்,
குளிர் தாங்காது அதுக்கு.
இங்கே நாற்பத்திரண்டு டிகிரி என்றேன்.
கணியம்பாடிப் பாறைகள்
விடியும்வரை சூட்டைத் துப்பிக்கொண்டிருந்தன.
லைன் போய்விட்டது.

புது பேட்டரி நாலாயிரத்து இருநூறு.
பழசுக்கு எண்ணூறு கழித்தார்கள்.
ஐந்தாம் நாள்
டிக்.

சைதாப்பேட்டை முனவ்வர் பாய்
பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டுச் சொன்னார்:
பேட்டரி மேல தப்பில்லமா.
ராத்திரில யாரோ உக்காந்து குடிக்கிறாங்க.
கொஞ்சம் கொஞ்சமா.
மஞ்சள் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார்,
சிவப்பு ஒயரைப் பத்து ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி.
நீங்களே பாத்துடுவீங்க,
எனக்கு ஆற்காட்டுல ஒரு லாரி நிக்குது.

நெகட்டிவைக் கழற்றி
நடுவில் மீட்டரை மாட்டினேன்.
கதவைத் திறந்தால் எரிகிற மேல்விளக்கை
முதலிலேயே அணைத்துவைத்தேன்.
மோனிஷா முன்னால் நின்று
ஸ்கோர் சொல்கிற குரலில் படித்தாள்:
புள்ளி நாலு நாலு.
டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து
ஒவ்வொரு ஃபியூஸாய்ப் பிடுங்கினேன்.
ஹாரன். புள்ளி நாலு நாலு.
வைப்பர். புள்ளி நாலு நாலு.
ரேடியோ, ஃபேன். அம்மா, அதேதான்.
பிறகு ஒரு மஞ்சள் ஃபியூஸ்.
அம்மா! சைபர்!

உள்விளக்கு என்று போட்டிருந்தது மூடியில்.
உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை.
வெகுநேரம் யோசித்தேன்,
முதுகுக்குக் கீழே மிதியடியின் மணல் குத்த.

ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு
போனில் வீடியோவை ஓடவிட்டு
டிக்கிக்குள் வைத்து மூடினேன்.
முப்பது எண்ணிவிட்டுத் திறந்தேன்.

இருட்டே இல்லை அந்த வீடியோவில்.
சின்னக் கோவில் விளக்களவு வெளிச்சம்.
ஸ்டெப்னி. ஜாக்கி. ஒரு சிமெண்ட் பை.
அவனுடைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி,
காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
பூட்ஸ் மாட்டும்போது கழற்றிப்போட்டது.
மூடி அமுக்க வேண்டிய பிளாஸ்டிக் குமிழ்
வளைந்து கிடந்தது ஓரமாய்.
அதன் பக்கத்தில் கறுப்புப் பெயிண்ட்,
அவன் இரும்புப் பெட்டியின் மூலை.
அந்தப் பெட்டி
ரெண்டு பேர் தூக்கியும் ஒருமுறை இடித்துத்தான் இறங்கியது.

ஆக, அன்றிலிருந்து.
மூடிய டிக்கிக்குள்
ரெண்டு செருப்புக்கு.

பல்பைக் கழற்றினேன். விரல் சுட்டது.

ராத்திரி லைன் கிடைத்தது.
என்னவாம் என்றான்.
டிக்கி பல்பு என்றேன்.
டிக்கிக்குள்ள பல்பு இருக்குதா? என்றான்,
ஒன்பது வருஷமாய் அந்த வண்டியை ஓட்டுகிறவன்.

மீட்டர் இன்னும் சைபருக்கு வரவில்லை,
புள்ளி பூஜ்யம் இரண்டில் நிற்கிறது.
பாய்க்குப் போன் போட்டேன்.
அது கடியாரத்துக்கு மா,
அத விட்ருங்க, அது குடிக்கட்டும்.

டெர்மினலை இறுக்கினேன்.
பச்சை எண்கள் ஒன்று பூஜ்யம் பூஜ்யம் என்று மின்னின.
ஒவ்வொரு முறை செத்துப் பிழைக்கும்போதும்
அதற்கு மணி ஒன்றுதான்.
மோனிஷா பொத்தானை அழுத்தி அழுத்திக் கொண்டுவந்தாள்
ஒன்பது நாற்பத்தேழு வரை.