நாற்பதாயிரம் கன மீட்டர்

மண்டல மன்றத்தில் பத்தொன்பது வருடம்
பேசுவதை எழுதுவது என் வேலை.
இருமலை எழுதுவதில்லை.
சிரிப்பை அடைப்புக்குறிக்குள் எழுதலாம்.
மௌனத்துக்கு விதி எதுவும் இல்லை.

லூபோர் வ்ராபெட்ஸ் முதல்முறை வந்தபோது
கோட்டில் மாட்டுக் கொட்டில் வாசம்.
கால்நடை மருத்துவர்.
வ்ராபெட்ஸ் என்றால் எங்கள் மொழியில் சிட்டுக்குருவி.
ஆளோ கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.
வெள்ளம் வந்த ஆண்டு
ஹ்ராஸ்தோவிட்ஸெ பாலத்தடியில்
இடுப்பளவு நீரில் நின்று
பன்னிரண்டு பசுக்களை
ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழைத்தார்.
பன்னிரண்டும் வந்தன.
யாரோ படம் பிடித்தார்கள்.
அந்தப் படம் மூன்று தேர்தல் ஜெயித்தது.

மண்டலத் தலைவரானார்.
புறவழிச் சாலை போட்டார், அது நல்ல சாலை.
மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம்,
அதில் லிஃப்ட் மட்டும் இன்றுவரை ஓடவில்லை.
ரிப்பன் வெட்டப் பட்டுத் தலையணையில் கத்தரி நீட்டினால்
தள்ளிவிட்டு
சட்டைப்பையிலிருந்து தன் அறுவைக் கத்தரியை எடுப்பார்.
கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் சதுக்கத்தில் கெண்டைத் தொட்டிகள்.
ஏப்ரன் கட்டிக்கொண்டு அவரே மீன் அடித்து
ஓய்வூதியக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்.
"மீன் யார் காசு?" என்று கேட்டாள்
திராஹொமீரா பெல்ட்ஸொவா, எதிர்வரிசை.
"மீனிடம் கேளுங்கள்" என்றார்.
(சிரிப்பு.)

மணப்பெண் ஏரி விஷயம் அதற்கு அடுத்த வசந்தத்தில்.
தூர் வாரிய கணக்கு: நாற்பதாயிரம் கன மீட்டர் சேறு.
வாரிய கம்பெனி மைத்துனருடையது.
லாரி போனதை யாரும் பார்க்கவில்லையே என்றாள் திராஹொமீரா.
"அளந்து பார்க்க
நீங்கள் முங்கப் போகிறீர்களா, அம்மணி?"

அன்று மாலை என் மேசைக்கு வந்தார்.
காகிதத்தில் சுற்றிய இரண்டு கசகசா ரொட்டி.
"அந்த ஒரு வரி வேண்டாமே."
ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.
வரியை எடுத்துவிட்டேன்.

அக்டோபரில் மீன் பிடிக்க ஏரியை வடிப்பார்கள்.
இது அவருக்குத் தெரியாததல்ல.
ஒவ்வோர் ஆண்டும் பச்சைத் தொப்பியோடு வருகிறவர்தான்.
மூடுபனி. ரம் ஊற்றிய தேநீர். பித்தளை வாத்தியங்கள்.
வலையோடு முதலில் இறங்கிய பையன் மத்தவுஷ்
நாலாவது அடியில் தொடைவரை போனான்,
ஆறாவதில் மார்புவரை.
டியூபா மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரிந்த ஒரே ஆள்
கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்.
பையனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்,
பசுக்களைக் கூப்பிட்ட அதே குரல்.
அக்குளில் கைகொடுத்து இழுத்தார்.
பூட்ஸ் சேற்றோடு போயிற்று, பையன் வந்தான்.

இந்த முறையும் படம் பிடித்தார்கள்.
நீதிமன்றத்தில் நிபுணர் அதை வைத்தே கணக்குப் போட்டார்:
ஆளின் உயரம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு,
வெளியே தெரிந்தது தொண்ணூற்றைந்து,
மீதி
வாராத சேறு.

என்னையும் கூப்பிட்டார்கள்.
அவர் அப்படிச் சொன்னதாகக் குறிப்பில் உண்டா?
இல்லை என்றேன்.
பொய் இல்லை.
சுருக்கெழுத்து நோட்டு
என் சமையலறை இழுப்பறையில்
முட்டைக்கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டு வருடம், நிறுத்திவைத்த தண்டனை.
மத்தவுஷின் அம்மா இன்னும் அவருக்குத்தான் ஓட்டுப் போடுவேன் என்கிறாள்.
ஓட்டுச்சீட்டில் அவர் பேர் இல்லை என்றால்
"எழுதிப் போடுவேன்."

போன மாதம் என் பூனைக்குக் காதில் சீழ்.
ஊரில் வேறு மருத்துவர் இல்லை.
மெல்லப் பிடித்தார், அது கத்தவே இல்லை.
"எவ்வளவு?"
"விடுங்கள், நமக்குள் என்ன."
"இல்லை, ரசீது போடுங்கள்."
சட்டைப்பை, மேசை, ஜன்னல் விளிம்பு,
நெடுநேரம் பேனா தேடினார்.
என் பையில் மூன்று இருந்தன.
பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.